விராலின் பசி

கெண்டை வளர்க்க நினைத்த சம்சாரிக்கு மீன்வளக் கையேடுகள் முதலில் சொல்லிக்கொடுத்தது விராலைக் கொல்லும் வழியைத்தான். குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்பே ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துக் குளம் முழுக்கத் தெளிக்க வேண்டும். அதிலிருக்கும் சப்போனின் மீனின் சிவப்பணுக்களை உடைக்கும். சில மணி நேரத்தில் விரால், குறவை, கெளுத்தி, வாளை எல்லாம் கிறங்கி மேலே வரும். அரித்து எடுத்துவிடலாம். இரண்டு மூன்று வாரத்தில் விஷம் முறிந்து அதே புண்ணாக்கு குளத்துக்கு உரமாகிவிடும். 1971-ல் தொடங்கிய அகில இந்தியக் கூட்டு மீன்வளர்ப்புத் திட்டம் நாடெங்கும் பரப்பிய முறை இது. கட்லா, ரோகு, மிர்கால், வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக்கெண்டை என்று ஆறு மீனுக்கு வாழ்வு. ஊன் தின்னும் மீன் எதுவானாலும் சாவு.

விரால் லேசில் சாகாது என்பது வேறு விஷயம். செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைத்துக்கொள்ள அதற்குத் தனி அறை உண்டு. தண்ணீர் கெட்டால் மேலே வந்து மூச்சு வாங்கும், இல்லாவிட்டால் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். மருந்து போட்டு முடித்த குளத்திலும் நாலைந்து தப்பிவிடும். அடுத்த அறுவடையில் அந்த நாலைந்தும் தொடை கனத்தில் வலைக்குள் புரளும்போதுதான் விட்ட கெண்டைக்குஞ்சில் பாதி எங்கே போனது என்று குத்தகைக்காரருக்குப் புரியும்.

அந்த விராலுக்கு இன்று மூட்டை மூட்டையாகத் தீவனம் வந்து இறங்குகிறது. தென்காசி மாவட்டத்தில் பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பக்கம் தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டைகளைப் பார்க்கலாம். அங்கே விரால் வளர்ப்பதைப் பற்றிப் பேசாத ஆள் குறைவு. ஏன் மாறியது என்று கேட்டால் விலை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்: கெண்டை விற்கிற காசைப்போல இரண்டு மூன்று மடங்கு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதன் சாப்பாட்டுக் கதை. அந்தக் காலத்தில் இந்த மீனுக்கு யாரும் இரை போட்டதில்லை. இன்றைக்கு ஒருவேளை போடாவிட்டால் அது பக்கத்தில் நிற்கிற தம்பியைத் தின்றுவிடும்.

தென்காசிச் சீமைக்கு இரண்டு மழை. ஆனி ஆடியில் மலையில் மழை பிடித்துக் குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சிற்றாறு ஓடும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பேரருவியும் ஐந்தருவியும் வெளியூர்க்காரருக்குக் குளிக்கிற இடம். கீழே இருக்கிற சம்சாரிக்கு அது குளத்துக்கு வர வேண்டிய தண்ணீர். ஆற்றில் அணைக்கட்டு, அதிலிருந்து கால், காலிலிருந்து குளம், மடை வழியாக வயல். குளம் பெருகி மறுகால் விழுந்தால் அடுத்த ஊர்க் குளம். கார், பிசானம் என்ற இரண்டு நெற்பருவத்துக்கும் பாய்கிற இந்தத் தண்ணீர்ச் சங்கிலி முழுவதுமே விராலுக்கு அடுக்களையாக இருந்தது.

அந்த அடுக்களையில் என்னதான் இல்லை? வயல் வரப்போரம் தலைப்பிரட்டை, மடைவாயில் அயிரை, பாசிக்குள் கூனி, கோரைக்கடியில் தட்டான்பூச்சியின் புழு, மேலே தவளை. பொரித்த சில நாளில் விரால்குஞ்சு கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் பூச்சிகளைத் தின்னும். அங்குல நீளம் வந்ததும் கொசுப்புழு. விரல் நீளத்தில் சின்ன மீன். அதற்கப்புறம் வாய்க்குள் அடங்குகிற எதுவும். தன் நீளத்தில் பாதி இருக்கிற மீனைக்கூட மடக்கி விழுங்கப் பார்க்கும். விரட்டிப் பிடிக்கிற மீன் அல்ல இது. ஆம்பல் இலைக்கடியில் கட்டைபோலக் கிடந்து, அசைவு தெரிந்தால் ஒரே பாய்ச்சல். அசையாததை இரை என்றே அது கணக்கில் எடுப்பதில்லை. பிற்காலத்தில் விரால் வளர்க்க வந்தவர்களின் தலைவலி முழுக்க இந்த ஒரு குணத்தில்தான் இருந்தது.

புதுத்தண்ணீர் வரும் காலத்தில் குளக்கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோரை நடுவே ஆணும் பெண்ணும் சேர்ந்து செடியை விலக்கி வட்டமாக இடம் செய்யும். அதில் மஞ்சள் மணிகளாக முட்டை மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். கொஞ்ச நாளில் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று ஒரே திரளாக நீர்மட்டத்தில் கொப்பளித்துக்கொண்டு நகரும். மூச்சுக்கு மேலே வந்து வந்து போவதால் அந்தக் கொப்பளிப்பு. அதற்கு அடியில் ஒரு முழ ஆழத்தில் தாயும் தகப்பனும் காவல். இந்தக் காவல் ஒரு மாதம்வரைகூட நீளும். தூண்டில்காரர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தவளையை மாட்டி இறக்கினால் பெரிய மீன் பசிக்காக அல்ல, ஆத்திரத்தில் வந்து கவ்வும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் இந்தத் தூண்டில் எனக்குப் பிடித்ததில்லை. காவல் போய்விட்டால் சாயங்காலத்துக்குள் அத்தனை குஞ்சும் கெளுத்திக்கும் குறவைக்கும் இரை.

தவளையும் விராலும் என்கிற இந்த ஜோடி வெள்ளைக்காரர்களையும் விடவில்லை. சென்னை மாகாண சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887-ல் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். விரால் அதில் முக்கியமான ஆள். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1793-ல், பெர்லினில் இருந்த பிளாக் என்பவர் நம் பக்கத்திலிருந்து போன மாதிரியை வைத்து இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். மீனைப் பிடித்தார்கள், வரைந்தார்கள், பெயர் வைத்தார்கள். இரை வைத்து வளர்க்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தேவையும் இருக்கவில்லை.

கோடையில் குளம் வற்றும். ஊர்ப் பொதுவுக்கு வருமானம் வேண்டும் என்பதற்காக மீன்பாசி ஏலம் விடுவார்கள். குத்தகைதாரர் வலை போட்டு எடுத்தது போக, முட்டளவுத் தண்ணீரில் ஊரே இறங்கும். ஊத்தாக் கூடையைக் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால் வழவழப்பாக ஒன்று நழுவும். விராலின் தலையைப் பிடிக்கத் தெரியாதவன் கையில் அது நிற்காது. தண்ணீர் முழுக்க வற்றிய பிறகும் ஈரச் சேற்றுக்குள் மூச்சு வாங்கிக் கிடக்கிறதைத் தோண்டி எடுப்பவர்கள் உண்டு. அப்படி வீட்டுக்கு வந்த விராலைப் பானைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளைக்குக் குழம்புக்குக் கவலையில்லை. தாவிவிடும் என்பதால் மூடிமேல் அம்மிக்குழவி ஒன்று.

அந்த அடுக்களை எப்படிக் காலியானது என்பதற்கு ஒரே காரணம் சொன்னால் அது பொய். வயலுக்கு எண்ட்ரின் என்ற பூச்சிமருந்து வந்தது. பூச்சியோடு தலைப்பிரட்டையும் அயிரையும் போயின. தவளைக்கால் கப்பலேறிப் போனது. 1987-ல் அரசு ஏற்றுமதியைத் தடைசெய்ய வேண்டிய அளவுக்குப் போனது. கால்வாய்கள் தூர்ந்தன. ஏலம் எடுத்தவர்கள் மணிமுத்தாறு அரசுப் பண்ணையிலிருந்து பிளாஸ்டிக் பையில் கட்லா, ரோகு குஞ்சு வாங்கிவந்து விட ஆரம்பித்தார்கள். அவர்கள் கண்ணில் விரால் திருடன். 1952-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை குளம் குளமாகப் பெருகி, நாட்டுமீன் தின்கிறதையெல்லாம் தானே தின்று தீர்த்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வந்த அந்நியனை விரால் வெறுக்கவில்லை, ருசி கண்டுகொண்டது. மாதம் தவறாமல் குஞ்சு பொரிக்கிற ஜிலேபி, விராலுக்குத் தீராத தீனியாகிவிட்டது. அந்த உறவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடைசியாக வந்து விழுந்தது புண் நோய். 1988-ல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக நாட்டுக்குள் நுழைந்து, அடுத்த சில ஆண்டுகளில் தெற்கு வரை இறங்கியது. பூஞ்சையைப் போன்ற ஒரு நுண்ணுயிர்தான் மூலகாரணம். உடம்பில் சிவப்புத் தடிப்பாகத் தொடங்கிச் சதையை அரித்துக் குழிபறிக்கும். அதிகம் அடிபட்டது விரால் குடும்பம்தான். சந்தையில் குழிவிழுந்த விராலைப் பார்த்த ஜனங்கள் கொஞ்ச காலம் குளத்து மீன் பக்கமே போகவில்லை.

இந்த இடத்தில் பாளையங்கோட்டை வருகிறது. தூய சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் எம். ஏ. ஹனிஃபாவின் குழு நாட்டுமீன்களை, குறிப்பாக விராலை, பண்ணையில் முட்டையிட வைக்கப் பல ஆண்டுகள் உழைத்தது. விராலுக்குப் பலவகை இயக்குநீர்களை ஊசிவழிச் செலுத்தி, எதற்கு எப்படி முட்டையிடுகிறது என்று ஒப்பிட்ட அவர்களுடைய கட்டுரை 2000-ல் போலந்து ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்தது; தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். ஆக, சொந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்று, அரசுக் கையேடுகள் கொல்லச் சொன்ன மீனைப் பெருக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தது. இது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

முட்டையிட வைப்பது பாதி வேலை. பொரித்ததற்கு என்ன கொடுப்பது என்பது மீதிப் பாதி, அதுவே பெரிய பாதி. முதல் சில நாள் வயிற்றில் இருக்கிற கரு போதும். பிறகு தண்ணீர்ப் பூச்சி. அதைத் தனித் தொட்டியில் சாணிக் கரைசல் விட்டு வளர்க்க வேண்டும். பிறகு அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து கொடுப்பார்கள், நூல்போன்ற செம்புழு கொடுப்பார்கள். அதற்கடுத்து, முள்ளெடுத்து அரைத்த மீன் விழுது. அந்த விழுதில் தூள்தீவனத்தை நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், ஒருநாள் விழுதே இல்லாமல் தீவனத்தை மட்டும் தின்ன வைக்கிறார்கள். வியட்நாமில் மீகாங் ஆற்றுச் சமவெளியில் இதைக் கணக்காகவே வகுத்துவிட்டார்கள்: பொரித்த பதினேழாவது நாள் தொடங்கி, தினமும் பத்தில் ஒரு பங்கு உயிரிரையைக் குறைத்துத் தீவனத்தைக் கூட்டுவது. பத்து நாளில், அசைவதை மட்டுமே இரையென்று நம்பிய மீன், மேலே மிதக்கிற உருண்டையைக் கொத்தத் தொடங்கிவிடும்.

நாள் தவறினாலோ கை தவறினாலோ மீன்கள் ஒன்றையொன்று தின்னும். ஒரே தாய்க்குப் பிறந்ததில் ஒன்று மட்டும் இரண்டு நாள் முந்திப் பெருத்துவிட்டால் போதும், அது கூட்டத்தை முடித்துவிடும். சில சமயம் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வாயில் சகோதரனின் வால் நீட்டிக்கொண்டு இரண்டும் செத்து மிதக்கும். அதனால் வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை சல்லடையில் அரித்துப் பெரியது வேறு, சிறியது வேறு என்று பிரிக்க வேண்டும். விரால் வளர்ப்பில் நஷ்டப்பட்ட கதைகளைக் கேட்டால் பெரும்பாலும் இந்த முதல் இரண்டு மாதத்தில்தான் பணம் போயிருக்கும்.

இப்போது ‘வியட்நாம் விரால்’ என்ற பெயரில், தீவனம் பழகிய குஞ்சுகள் கேரளத்திலும் இங்கேயும் விலைக்குக் கிடைக்கின்றன. புளியரை தாண்டினால் கேரளம் என்பதால் தென்காசிக்காரருக்குக் குஞ்சும் செய்தியும் அந்தப் பக்கமிருந்து சீக்கிரம் வந்துவிடும். குளத்தில் அள்ளிய குஞ்சைப் பழகிய குஞ்சு என்று சொல்லித் தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர் காசை எடுப்பதற்கு முன் தொட்டியில் ஒரு பிடித் தீவனம் போடச் சொல்வார். குஞ்சுகள் மேலே வந்து கொத்தினால் பழக்கம் உண்டு. தொட்டியின் மூலையில் ஒதுங்கி நின்றால் காசைத் திரும்பப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

பாவூர்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு பண்ணைக்குட்டையில் சாயங்காலத் தீனியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குட்டையைச் சுற்றி இடுப்பளவுக்கு வலை அடித்திருந்தது. மழை பெய்கிற இரவில் விரால் தாவி ஏறி, ஈரத் தரையில் நெளிந்தே அடுத்த தண்ணீருக்குப் போய்விடும். மேலே கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் இன்னொரு வலை. ஒரு மூலையில் மூங்கில் சட்டம் கட்டி ஆகாயத்தாமரை விட்டிருந்தார்கள், வெயிலுக்கு ஒதுங்க. பண்ணைக்காரர் வாளியின் விளிம்பில் கையால் தட்டினார். தண்ணீர் அதுவரை வெறுமனே கிடந்தது. தட்டிய சத்தத்துக்கு மூலையில் நிழல் திரண்டது. முதல் பிடி விழுந்ததும் தண்ணீர் வெடித்தது. வாய் திறந்து மூடுகிற சத்தம், ‘சளப் சளப்’ என்று, பத்தடி தள்ளியும் கேட்டது. அவர் அடுத்த பிடியை உடனே போடவில்லை.

“எல்லாத்தையும் கொட்டிட்டுப் போயிரலாம்லா?” என்றேன்.

“அது எப்படி அண்ணாச்சி? முன்னால நிக்கிறவன் வயிறு வெடிக்கத் தின்பான். பின்னால நிக்கிறவன் பட்டினி கெடப்பான். ராத்திரி அவன் இவன் வாலக் கடிப்பான். கொஞ்சங் கொஞ்சமாத்தான் போடணும். ஒரே எடத்துல போடணும். மேல வர்றது கொறைஞ்சா கைய நிப்பாட்டிறணும்.”

அவர் சொன்னதில் கையேட்டு விஷயம் முழுக்க இருக்கிறது. விரால் தீவனம் மிதக்க வேண்டும். மூச்சுக்கு மேலே வருகிற மீன், இரையும் மேல்மட்டத்தில் இருந்தால் எடுக்கும். அடியில் போய்ப் படிந்ததை எடுக்காது. படிந்தது அழுகும், அம்மோனியா ஏறும். காற்றை நேராக மூச்சிழுக்கிற மீன்தானே, தண்ணீர் எப்படி இருந்தால் என்ன என்று நெருக்கமாக விட்டவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மூச்சு முட்டிச் சாகாது, வாஸ்தவம். ஆனால் கெட்ட தண்ணீரில் செவுளும் தோலும் வெந்து, இரை எடுப்பது குறைந்து, பழைய புண் நோய் திரும்ப எட்டிப் பார்க்கும்.

உருண்டைத் தீவனத்துக்கு முன்னால் இடையில் ஒரு காலம் இருந்தது, இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. பண்ணை மீனுக்கு எது மலிவோ அதைப் போடுகிற காலம். தூத்துக்குடியில் விசைப்படகு வலையில் ஏறி விலைபோகாமல் நிற்கிற கழிவு மீன், அல்லது கோழிக்கடைக் கழிவு. கோழிக்குடல் கிட்டத்தட்டச் சும்மா கிடைக்கும். சில ஊரில் அள்ளிக்கொண்டு போகிறவருக்குக் கடைக்காரர் காசு கொடுப்பதும் உண்டு. குற்றாலத்துச் சீசனில் பிரானூர் பார்டர் முதல் தென்காசி வரை எத்தனை கோழி அறுபடுகிறது என்பது இந்தப் பக்கத்தில் பரோட்டா தின்றவர்களுக்குத் தெரியும். கழிவுக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஊன் தின்னும் மீனை வளர்க்கிறவனுக்கு அது பெரிய ஆசைதான்.

அந்த ஆசையின் முழு வடிவம் ஆப்பிரிக்கக் கெளுத்தி. கள்ளத்தனமாக நாட்டுக்குள் வந்த அந்த மீனை வளர்க்கக்கூடாது என்று மத்திய அரசு 1990-களிலேயே தடைபோட்டது. அதற்குக் காரணம் அதன் பசிதான். தப்பி ஆற்றில் இறங்கினால் நாட்டுமீன் எதையும் விட்டுவைக்காது. இருந்தும் அழுகிய கழிவைக் கொட்டி ஒளித்து வளர்ப்பவர்களை அதிகாரிகள் பிடித்து, குட்டையையே மூடவைக்கிற செய்தி அவ்வப்போது வரத்தான் செய்கிறது. விராலுக்குப் பச்சைக் கழிவு போடுவதில் சட்டச் சிக்கலைவிடத் தொழில் சிக்கலே பெரிது: கொழுப்பு தண்ணீர்மேல் படலமாக நிற்கும், நாற்றத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார், மீனின் சதையிலும் ஒரு வாடை இறங்கிவிடும். கழிவில் வளர்த்த மீனை ஒருமுறை வாங்கினவர் மறுமுறை வரமாட்டார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் குஞ்சு விட்டு எழுநூறு தேறி, ஒவ்வொன்றும் அரைக்கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் 350 கிலோ மீன். பச்சைக் கழிவு மீன் போட்டு வளர்த்தால் ஒரு கிலோ விராலுக்கு நாலைந்து கிலோ இரை ஆகும். அதாவது மொத்தம் 1,400 முதல் 1,750 கிலோவை, நாள்தோறும் கொஞ்சமாக வாங்கி, வெட்டி, ஐஸில் வைத்துக் காக்க வேண்டும். நல்ல மிதவைத் தீவனமாக இருந்தால் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். 525 கிலோ, மூட்டையாக அடுக்கி வைத்தால் கெடாது. ஆனால் நூற்றுக்கு நாற்பது முதல் நாற்பத்தைந்து பங்கு புரதம் இருக்க வேண்டிய தீவனம் அது. தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கலந்து பையில் கட்டித் தொங்கவிட்டால் கெண்டை திருப்திப்பட்டுக்கொள்ளும். விரால் திரும்பியும் பார்க்காது. பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனமே தின்றுவிடுகிறது. யூடியூபில் அரை சென்ட் தொட்டியில் லட்சம் லட்சமாக எடுக்கலாம் என்று காட்டுகிறவர்கள் மூட்டை விலையைச் சொல்லும் இடத்தில் மட்டும் பேச்சை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள்.

அந்தப் புரதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி மீன்தூள். மேற்குக் கரையில் மங்களூர்ப் பக்கத்து ஆலைகளில் சாளையையும் இன்னும் பல சின்ன மீன்களையும் வேகவைத்துப் பிழிந்து உலர்த்தி அரைக்கிறார்கள். தென்காசிச் சந்தையில் கடலோரத்திலிருந்து வந்து இறங்குகிற சாளைதான் ஏழை வீட்டுக் குழம்பு. நேற்றுவரை விரால் நம் வயல் தவளையைத் தின்றது. இன்று யாரோ ஒருத்தியின் குழம்புச் சாளையைத் தின்கிறது, உருண்டையாக வந்ததால் நமக்குத் தெரியவில்லை.

இது வெறும் சங்கடமான நினைப்பு அல்ல, ஒரு நாடே இதில் முட்டிக்கொண்டது. கம்போடியாவில் விரால் வளர்ப்பு பெருகியபோது தோன்லே சாப் ஏரியின் சின்ன மீன்களையெல்லாம் அள்ளி அதற்குப் போட்டார்கள். அந்தப் பொடிமீன்தான் அங்கே ஏழைகளின் அன்றாடச் சாப்பாடு. உப்பிட்டுப் புளிக்கவைத்து ஆண்டு முழுக்க வைத்துக்கொள்வார்கள். 2005-ஐ ஒட்டி அரசு விரால் வளர்ப்பையே தடைசெய்தது. உருண்டைத் தீவனத்தில் வளர்க்கும் முறை கைகூடிய பிறகு, 2016-ல்தான் தடையை நீக்கியது. தீவன ஆலைகள் சோயாவையும் கோழித்தூளையும் கூட்டி மீன்தூளைக் குறைக்கப் பார்க்கின்றன. காய்கறிக் கழிவில் ஒருவகைக் கருப்பு ஈயின் புழுவை வளர்த்து மீனுக்குக் கொடுக்கும் முயற்சியும் நடக்கிறது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மிஞ்சிப்போகிற தக்காளியையும் பூசணியையும் பார்த்தால், அந்தப் புழுவுக்கு இங்கே நல்ல எதிர்காலம் உண்டு என்றுதான் சொல்வேன்.

ஜிலேபியைப் பிறகு சொல்கிறேன் என்றேன். குட்டையை வலையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் ஜிலேபிக் கெண்டையின் தாய்மீன்களை விட்டு, தவிடும் சாணியும் போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது பொரிக்கும் குஞ்சு வலைக்கண் வழியாகத் தானே இந்தப் பக்கம் நழுவும். விரால் காத்திருந்து பிடிக்கும், தன் பழைய வழக்கப்படி. இதில் நெருக்கமாக மீன் விட முடியாது, சீக்கிரம் எடை ஏறாது, பெரிய வருமானம் எதிர்பார்க்க முடியாது. தீவன மூட்டைக்குக் கடன் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. கையில் ஒரு பண்ணைக்குட்டையும் கொல்லையில் இரண்டு மாடும் வைத்திருக்கிற சம்சாரி என்னிடம் யோசனை கேட்டால், முதல் வருஷம் இதைச் செய்து விராலின் சுபாவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். மூட்டைத் தீவனத்துக்கு அப்புறம் போகலாம். எல்லாக் குளத்திலும் ஏற்கெனவே நிறைந்துவிட்ட மீன் என்பதால் ஜிலேபி தப்பிப்போவதைப் பற்றிப் புதிதாகக் கவலைப்படவும் ஒன்றுமில்லை.

விலைக்குத் திரும்புவோம். விரால் விலை ஏறுவதில் நாக்குக்கு மட்டும் பங்கில்லை. பிள்ளை பெற்றவளுக்கும் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும் விரால் குழம்பு வைத்துக்கொடுப்பது இங்கே வழக்கம். மலேசியாவில் இதே மீனை ஹருவான் என்று சொல்லிப் பிரசவத்துக்குப் பின் கொடுக்கிறார்கள். அதன் சாற்றுக்குப் புண் ஆற்றும் தன்மை உண்டா என்று ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. தெலங்கானா இதை மாநில மீனாக வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் ஜூனில் ஹைதராபாத்தில் ஆஸ்துமாக்காரர்கள் வரிசையில் நின்று, மருந்து வைத்த விரால்குஞ்சை உயிரோடு விழுங்குகிறார்கள். குணமாகிறதா என்பது வேறு கேள்வி.

சந்தையில் கேள்வியும் மாறியிருக்கிறது. முன்பு விரால் வாங்க வந்தவர் அலுமினியச் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, “உசிரோட இருக்கா?” என்று மட்டும் கேட்பார். இப்போது கேட்பது, “கொளத்து மீனா, பண்ணை மீனா? என்ன போட்டு வளத்தது?” பண்ணை விரால் நிறத்தில் கொஞ்சம் வெளிறியும் வயிற்றில் கொழுப்பு கூடியும் இருக்கும், குளத்து விரால் கருத்து இறுகியிருக்கும். நாக்கு பழகியவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், விலையிலும் கொஞ்சம் தள்ளிக் கேட்கிறார்கள். அதற்குத் தகுந்தபடி பண்ணைக்காரர்களும் தேறிவிட்டார்கள். விற்பனைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தி, போர்த் தண்ணீர் ஓடுகிற தொட்டிக்கு மீனை மாற்றிவிடுகிறார்கள். குடல் காலியாகும், வாடை போகும், சந்தைக்குப் போகிற வழியில் தண்ணீர் கலங்காது. அந்த இரண்டு நாளும் அளவு பார்த்துப் பிரித்து வைக்க மட்டும் மறக்கக்கூடாது. பட்டினி போட்ட விராலை அளவு பார்க்காமல் ஒரே தொட்டியில் விட்டால் காலையில் எண்ணிக்கை குறையும்.